அத்தை செய்த வேலை

பௌதிகப் பாடப்புத்தகத்தில் 'வேலை' என்ற சொல்லை யார் கொண்டுவந்து போட்டார்களோ, அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? முடுக்கம் என்றார்கள், உந்தம் என்றார்கள், திசைவேகம் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் இது நம் வீட்டுச் சொல் அல்ல, மனப்பாடம் செய்ய வேண்டியது என்று தெரிந்துவிடும். இதற்கும் அப்படி வாயில் நுழையாத ஒன்றை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஊரில் எல்லாரும் காலையில் எழுந்து எதற்குப் போகிறார்களோ, எது இல்லாவிட்டால் அடுப்பு எரியாதோ, அந்தச் சொல்லையே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். பௌதிகம் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது.

தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. பையன்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து படிக்கிற பள்ளி. வளாகத்துக்குள் பெரிய கிணறு இருந்தது; தண்ணீர் கடுத்த உப்பு. கை கால் கழுவலாம், குடிக்க முடியாது. ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே போனால் ஒரு மாந்தோட்டத்துக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு. அங்கிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து, தாழ்வாரங்களில் இருந்த மண்பானைகளை நிரப்புவதற்கு ஒரு பெண்பிள்ளையை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவளைத் தண்ணி ஆயா என்பார்கள். அவள் என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகிச் செம்பாக்கம் போனவள், மாமா இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதும் கையில் ஒரு பித்தளைக் குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்ற சாமான்களை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, "மத்ததெல்லாம் அந்தாளு வாங்கினது. இது எங்கப்பன் போட்டது. இத அவளாண்ட வுட்டுட்டு வர்றதுக்கு நான் இன்னா கேணையா?" என்றாளாம். அந்தக் குடம்தான் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே தண்ணீர் ஊற்றியது.

தலையில் குடத்தோடு வருகிற அத்தையை ரயில்வே கேட்டில் பார்க்க வேண்டும். கேட் மூடியிருந்தால் மற்றவர்கள் சுமையை இறக்கி வைப்பார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி பீடி பற்ற வைப்பார்கள். அத்தை குடத்தைத் தலையிலிருந்து இறக்க மாட்டாள். மின்சார ரயில் போன கையோடு சில சமயம் கூட்ஸ் வண்டியும் வரும். அது ஊர்ந்து முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள். இறக்கினால் மறுபடி ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். ஆளைக் கெஞ்சுவதைவிட நிற்பதே மேல் என்பது அவள் கொள்கை. கழுத்து நரம்பு புடைத்திருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது. கேட்காரரை ஏதாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற ஆயா ஒருத்தி இருந்தாள். அவள் பர்மனென்ட். லீவு நாளிலும் அவளுக்குச் சம்பளம் உண்டு. அத்தை டெம்பரவரி. பள்ளிக்கூடம் திறந்தால்தான் கூலி. கோடை லீவு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் குதிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் முகம் தொங்கிவிடும். அப்பா குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிற இடத்தில் இருந்தார். தோல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அத்தையைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டால் வீட்டில் ஒரு காலாவது தரையில் ஊன்றும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்குக் கரஸ்பாண்டெண்ட் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளிக்கூடம் இருந்த நிலமே அவர் குடும்பத்துடையது. பழைய மிராசுக்காரர். வெள்ளை வேட்டியும் கறுப்புக் காருமாக எப்போதாவது வருவார். அவர் கார் உள்ளே வந்தால் ஹெட்மாஸ்டரே வேகமாக நடப்பார்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, பட்டணத்திலிருந்து ஒரு பௌதிகப் பேராசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்தார். புறநகர்ப் பள்ளிகளுக்கெல்லாம் போய், சாமான்களை வைத்துச் செய்து காட்டிச் சொற்பொழிவு செய்கிறவர். பல்லாவரம், சேலையூர்ப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். ஹாலில் உட்கார இடமில்லாமல் ஜன்னல்களில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். சயின்ஸ் சார் என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். வகுப்பில் நான் வாயைத் திறந்து பேச மாட்டேன், ஆனால் பரீட்சையில் சயின்ஸில் முதலாவதாக வருவேன். அது அவருக்குப் பெருமை.

சயின்ஸ் சார் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் அத்தையைப் பார்த்து, "இன்னிக்குக் கரஸ்பாண்டெண்ட் சார் வராரு. உங்க வேலை விஷயத்த எப்படியாவது இன்னிக்கு அவர் முன்னாடி கொண்டு வந்துடறேன்" என்று சொன்னவர் அவர்தான். அத்தை அன்று சுங்கடிப் புடவை கட்டியிருந்தாள். தண்ணீர் சுமக்கும்போது அவள் அதைக் கட்ட மாட்டாள்.

பேராசிரியர் இளைஞர். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டு பேசினார். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. ஹால் உத்தரத்திலிருந்து கயிற்றில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதை இழுத்துத் தன் மூக்கு நுனியில் வைத்துக் கையை எடுத்தார். குண்டு ஹாலின் நடுவே பாய்ந்து போய்த் திரும்பி நேரே அவர் முகத்துக்கு வந்தது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அது மூக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்று பின்வாங்கிப் போயிற்று. அவர் இமைகூட அசைக்கவில்லை.

"ஏன் பயப்படல தெரியுமா? நான் நம்பறேன். இயற்கை பொய் சொல்லாது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு அடிமையாகிவிட்டேன். உலகத்தில் பொய் சொல்லாத ஒன்று இருக்கிறது, அது என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று தோன்றிற்று.

அடுத்ததாக ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைத்தார். ஆவி வந்ததும் வாயை இறுக்கி மூடி, டின்னின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதற்காகச் சொல்லி வைத்திருந்த குடத்தோடு அத்தை பக்கவாட்டுக் கதவு வழியாக மேடைக்கு வந்தாள். சயின்ஸ் சார் அதிலிருந்து மொண்டு ஊற்ற ஊற்ற, யாரும் தொடாமலே டின் டமார் டமார் என்று நசுங்கிற்று. ஹாலே கூத்தாடியது. நசுக்கியது காற்று என்றார் பேராசிரியர். அத்தைகூடக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அதோடு அவளைப் போகவிட்டிருக்கலாம். இன்னொரு குடம் கேட்டு அனுப்பினார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்ப வந்தபோது அவர் பேச்சு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தது.

"வேலைன்னா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் ஆபீஸ் போறது சார், நாத்து நடறது சார், படிக்கிறது சார் என்று கத்தினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையை ஆட்டினார். அப்போதுதான் கதவருகே தலையில் குடத்தோடு நின்ற அத்தையைக் கண்டார். முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஓர் உதாரணம் கால் முளைத்துத் தானே நடந்து வந்தால் எந்த வாத்தியாருக்குத்தான் மலராது?

"அம்மா, குடத்த இறக்காதீங்க. அப்படியே மேடைக்கு வாங்க" என்றவர் எங்கள் பக்கம் திரும்பி, "இந்த அம்மா எவ்வளவு வேலை செய்யறாங்கன்னு இப்ப எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டப்போறேன்" என்றார்.

அத்தை சயின்ஸ் சாரைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னபடி செய்துவிட்டீர்களே என்று நன்றி சொல்கிற பார்வை. எனக்கு அது அப்போதே புரிந்தது. காலையில் அவர் சொன்னது இதைத்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். கரஸ்பாண்டெண்ட் முன்வரிசையில் நாற்காலியில் இருக்கிறார். பட்டணத்துப் பெரிய வாத்தியார் மேடையில் நின்று, தண்ணி ஆயா எவ்வளவு வேலை செய்கிறாள் என்று கணக்குப் போட்டுச் சொல்லப் போகிறார். இதைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்?

மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். அத்தை நடந்தாள். கையால் பிடிக்காமல், முதுகு வளையாமல், ஒரு சொட்டுத் தளும்பாமல் நடந்தாள். அந்தக் கோடியில் போய் நின்றவள், அவர் சொல்லாமலே திரும்பியும் நடந்து வந்தாள். கூடக் கொஞ்சம் வேலை செய்து காட்டினால் நல்லதுதானே. நடக்கும்போது அவள் கண் கரஸ்பாண்டெண்ட் பக்கம் ஓடி ஓடி வந்தது.

"அப்படியே நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டார். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இவர் போவதோ பக்கவாட்டில். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அத்தை குடத்தோடு நின்றாள். எனக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பாடத்தை அந்த வாரம்தான் வீட்டில் உரக்கப் படித்திருந்தேன்.

"இப்ப யாராவது சொல்லுங்க. இவங்க குடத்தோட மேடை முழுக்க நடந்தாங்க. புவியீர்ப்புக்கு எதிரா எவ்வளவு வேலை செஞ்சிருக்காங்க?"

சயின்ஸ் சார் என்னைக் கைகாட்டி, "அந்தப் பொண்ணு கரெக்டா சொல்லும் சார்" என்றார். அவருக்கு என்மேலும் அத்தைமேலும் இருந்த பிரியத்தில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தையும் பார்த்தாள். தலையை அசைக்க முடியாதவள் கண்ணை மட்டும் தாழ்த்தி, உதட்டில் சிரிப்போடு, "சொல்லேன்டி. தெரியும் இல்ல? சத்தமா சொல்லு, சாருக்குக் கேக்கட்டும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் பையன்கள் பக்கத்திலிருந்து எவனோ, "பூஜ்ஜியம் சார்!" என்று கத்தினான்.

"சபாஷ். பூஜ்ஜியம்! இந்த அம்மா இவ்வளவு நேரம் ஒரு வேலையும் செய்யல!"

ஹால் சிரித்தது. சாதாரணச் சிரிப்பு அல்ல. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். அத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கூடவே கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தலையில் குடம் அப்படியே இருந்தது. இறக்கச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

தசைக்கு உள்ளே வேலை நடக்கிறது, அதனால்தான் களைப்பு வருகிறது, குடத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று ஒரு வாக்கியம் அவர் சொல்லியிருக்க வேண்டுமாம். பிறகு சயின்ஸ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பேராசிரியருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம், விட்டுப்போய்விட்டதாம். எத்தனை பள்ளிக்கூடங்களில் அவர் அதைச் சரியாகச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போய்விட்டது.

நன்றியுரை சொல்லக் கரஸ்பாண்டெண்ட் எழுந்தார். பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்தது நம் பாரத நாடு என்று ஆரம்பித்தார். "அத நாம ரொம்ப நாளா சம்பளம் குடுத்து வெச்சிருக்கோம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று முடித்தார். மறுபடியும் சிரிப்பு. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் அத்தை வீட்டில் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுங்கடிப் புடவை மடித்துப் பெட்டிக்குள் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. அந்த ஆளு இன்னா சொன்னாரு? எதுக்கு அப்டிச் சிரிச்சாங்கோ? பாடத்த எடுத்துப் படி."

படித்தேன். விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் வேலை. அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னாள். குடத்தைத் தரையிலிருந்து தூக்கினால் வேலை, தூக்கிக்கொண்டு நின்றால் வேலை இல்லை, சமதரையில் நடந்தாலும் இல்லை என்றேன்.

"கேட்டாண்ட நிக்கறேனே, கூட்ஸ் போற வரைக்கும்?"

"இல்ல அத்தே."

"மாந்தோப்புலேர்ந்து நடந்து வர்றது?"

"இல்ல."

"தூக்கறது மட்டும்தான் வேலை."

"ஆமா."

எண்ணெய்க் கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். "அந்த வாத்தியாரு பொண்டாட்டி புள்ளைய இடுப்புல தூக்கினு நாள் பூரா நிக்கிறாளே, அவளாண்ட போய்ச் சொல்வாரா இத? சொன்னா சோறு கிடைக்குமா அவருக்கு?" என்றாள். அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பர்மனென்ட் விஷயமாகக் கரஸ்பாண்டெண்டிடம் பேசிப் பார்த்தாராம். "வேலையே இல்லன்னு சயின்ஸே சொல்லிடுச்சு, அதுக்கு மேல நான் யாரு?" என்று அவர் சொன்னதை ஹெட்மாஸ்டர் ஒரு நல்ல நகைச்சுவையைச் சொல்வது போலவே அத்தையிடம் சொன்னார். பிள்ளைகள் மத்தியில் தண்ணி ஆயா என்ற பெயர் போய், பூஜ்ஜிய ஆயா என்று ஆகிவிட்டது. அவள் குடத்தோடு தாழ்வாரத்தில் வரும்போது பையன்கள் இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவனையாவது அறைய வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் குனிந்த தலையோடு வகுப்புக்குள் போய்விடுவேன்.

கோபத்தை நான் காட்டிய ஒரே இடம் காலாண்டுப் பரீட்சை. அதே கேள்வி வந்தது. தலையில் கூடையோடு ஒருவன் சமதளத்தில் நடக்கிறான், செய்யப்பட்ட வேலை யாது? 'பூஜ்ஜியம் அல்ல' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். சயின்ஸ் சார் அதற்கு என்ன மார்க் போட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கோபமெல்லாம் அந்தப் பேராசிரியர்மேலும் அந்தச் சொல்மேலும் இருந்தது. அவர் வராமல் இருந்திருந்தால், அத்தை சமயம் பார்த்து அந்தக் கதவில் வந்து நிற்காமல் இருந்திருந்தால், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்பினேன். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இரும்புக் குழாய்கள் கிடந்தன. நாங்கள் பெண்கள் மதியத்தில் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். வெயிலில் சுடும் என்பதால் தாவணித் தலைப்பை மடித்துப் போட்டுக்கொள்வோம். பேராசிரியர் வருவதற்கு முன்பிருந்தே அவை அங்கே கிடந்தன. எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. காலாண்டு லீவில் ஆட்கள் வந்து தரையைத் துளைத்து அந்தக் குழாய்களை இறக்கினார்கள். ஆழத்தில் தண்ணீர் உப்பில்லாமல் வந்தது. மேலே ஓர் அடிபம்பை மாட்டினார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போது நினைத்தால் அந்த நன்றியுரைதான் நெஞ்சில் காந்துகிறது. பம்புக்கு எப்போதோ சொல்லி, குழாயும் வாங்கிப் போட்டாகிவிட்டது. ஆளை நிறுத்துவதற்கு ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. அதை ஒரு படித்த மனிதர் பட்டணத்திலிருந்து கொண்டுவந்து சும்மா கொடுத்துவிட்டுப் போனார். இயற்கை பொய் சொல்லாது, சரி. அதை வைத்துக்கொண்டு மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று பம்புக்குப் பூஜை. மாலை போட்டு, சந்தனம் பூசி, கற்பூரம் வைத்திருந்தார்கள். கரஸ்பாண்டெண்ட் வந்து பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடித்தார். வெறும் காற்றுத்தான் கர்ர் கர்ர் என்றது. பம்பு மாட்டியவர், "புது வாஷர் சார். மேலேர்ந்து தண்ணி ஊத்தி அடிச்சாத்தான் புடிக்கும். நல்ல தண்ணி ஒரு குடம் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

நல்ல தண்ணீருக்கு யாரைக் கூப்பிடுவது? அத்தையைத்தான் கூப்பிட்டார்கள். அன்றோடு நின்றுகொள்ளும்படி காலையில்தான் ஹெட்மாஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் போனாள். கேட்டைத் தாண்டி, மாந்தோட்டம் வரைக்கும் போய், குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். எல்லாரும் வெயிலில் காத்துக்கொண்டு நின்றோம். நான் மனத்துக்குள் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் இப்போது பணிவாக நடந்துகொள்ள வேண்டும், நல்லபடியாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவர் மனசு இளகிப் பெருக்குகிற வேலையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பேர் பார்க்க அவர் இல்லையென்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

அத்தை கூட்டத்துக்குள் வந்தாள். கூட்ஸ் வண்டிக்குக்கூடத் தலையிலிருந்து குடத்தை இறக்காதவள், அன்று தானே இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, பம்பின் அடியில் கரஸ்பாண்டெண்டின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சும்மாட்டைப் பிரித்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊத்தும்மா" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

"கொண்ணாந்துட்டேன் சார்."

"அதான் தெரியுதே. தூக்கி ஊத்து."

"மாந்தோப்புலேர்ந்து நடந்து வந்தது வேலை கிடையாது. அது பூஜ்ஜியம். அத நான் செஞ்சுட்டேன்" என்றாள் அத்தை. குரல் உயரவே இல்லை. "தூக்கறதுதான் வேலையாம். அதுக்குக் கூலி குடுத்து ஆள் வெச்சுக்குங்க."

திரும்பி நடந்துவிட்டாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கையால் வட்டம் போடுகிற பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கரஸ்பாண்டெண்ட் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், ஹெட்மாஸ்டர் பெருக்குகிற ஆயாவைப் பார்த்தார், அவள் எங்கேயோ பார்த்தாள். கடைசியில் சயின்ஸ் சார்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கிப் பம்புக்குள் ஊற்றினார். பாதி அவர் மேலேயே கொட்டிற்று.

பம்பு மாட்டியவர் அடித்தார். கர்ர் கர்ர். இன்னும் அடித்தார். கொஞ்சம் ஈரக் காற்று வந்தது.

"பத்தல சார்" என்றார் அவர். "இன்னொரு குடம் வேணும்."

எல்லாரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். சயின்ஸ் சார் வெறுங்குடத்தை என்னிடம் கொடுத்து, "ஓடிப்போய் அத்தைய நான் கூப்பிட்டேன்னு சொல்லும்மா" என்றார். நான் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். அத்தை இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. இதோ கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கேட் மூடியிருந்தது. சைக்கிள்காரர்களுக்கு நடுவில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். தலையில் குடம் இல்லாமல் அவள் அங்கே நின்று நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

"அத்தே, ஒரு குடம் பத்தலியாம். இன்னொரு குடம் வேணுமாம். உன்னைத்தான் கூப்பிடறாங்க. கரஸ்பாண்டெண்ட் சார் அங்கியே நிக்கறாரு" என்றேன், மூச்சு வாங்க.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அதற்குள் மின்சார ரயில் வந்துவிட்டது. அதன் சத்தத்தில் அவள் சிரிப்பு கேட்கவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. ரயில் போய் கேட் தூக்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் மாந்தோட்டம், வலது பக்கம் எங்கள் வீடு. அவள் வலது பக்கம் திரும்பினாள்.

நான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றேன். அங்கே அத்தனை பெரிய மனிதர்கள் வெயிலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை தானாகக் கூப்பிடுகிறது. இவளோ சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்கு வேறு யார்மேலும் வராத கோபம் எனக்கு அத்தைமேல் வந்தது.